தமிழரிடையே பெண்களுக்கு இடப்படும் மலர்ப் பெயர்கள்

மலர்ப் பெயர்கள் என்பவை பூவின் பெயரையோ, பூவைக் குறிக்கும் பொதுச்சொல்லையோ, பூவோடு தொடர்புடைய பண்பையோ அடிப்படையாகக் கொண்டு மக்களுக்கு இடப்படும் பெயர்கள் ஆகும். தமிழரிடையே இவை பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு இடப்படுகின்றன. தமிழ், வடமொழி, பாரசீகம், ஐரோப்பிய மொழிகள் எனப் பல மூலங்களிலிருந்து இப்பெயர்கள் வந்துள்ளன. ஆகையால் ஒரே பூவைக் குறிக்கும் பெயர்கள் பல உண்டு. பூவோடு உள்ள தொடர்பு மறைந்துபோன பெயர்களும் உண்டு.

வகைகள்

மலர்ப் பெயர்களை அமைப்பின் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம்.

1. பூவின் பெயரே ஆட்பெயராதல்: தாமரை, முல்லை, அல்லி, மல்லிகா, செண்பகம், ரோஜா.
2. பூவைக் குறிக்கும் பொதுச்சொற்கள்: மலர், புஷ்பா, குசுமா.
3. தொகைச்சொற்கள்: மலர்விழி, பூங்குழலி, பூங்கொடி, தாமரைச்செல்வி.

மூன்றாம் வகையில் உள்ள பல பெயர்கள் இலக்கணத்தில் அன்மொழித்தொகை எனப்படுவன. மலர்விழி என்பது மலர் போன்ற விழிகளை உடையவள் எனவும், பூங்குழலி என்பது பூச்சூடிய கூந்தலை உடையவள் எனவும் விரியும். பூ என்னும் சொல்லின் முன் வல்லினம் வரும்போது அதற்கு இனமான மெல்லினமும் தோன்றும் என்பது புணர்ச்சி விதி. பூங்கொடி, பூங்கோதை ஆகியவற்றில் 'ங்' வருவது இவ்விதியினாலேயே.

தாமரையின் பல பெயர்கள்

வடமொழி வழி வந்த பெயர்களில் தாமரையைக் குறிப்பவை மிகப் பல.

* பங்கஜம் - சேற்றில் பிறந்தது
* அம்புஜம், நீரஜா, ஜலஜா - நீரில் பிறந்தது
* சரோஜா - பொய்கையில் பிறந்தது
* நளினி - தாமரைக்கொடி அல்லது தாமரைகள் நிறைந்த பொய்கை
* கமலா, பத்மா - தாமரை. திருமகளின் பெயர்களும் ஆகும்

எனவே அக்காளுக்குச் சரோஜா எனவும் தங்கைக்குப் பங்கஜம் எனவும் பெயரிடும் குடும்பம் இருவருக்கும் ஒரே பூவின் பெயரையே இட்டிருக்கின்றது. வட இந்தியாவில் பங்கஜ், சரோஜ், அரவிந்த் ஆகியவை ஆண்களின் பெயர்களாகவும் வழங்குகின்றன. தமிழில் பங்கஜம் பெண்பெயர். ஈற்றிலுள்ள 'அம்' நீங்கினால் வடக்கே அது ஆண்பெயராகக் கொள்ளப்படும்.

மறைந்து நிற்கும் பூக்கள்

சிலப்பதிகாரத்தில் வரும் மாதவியின் பெயர் குருக்கத்திக் கொடியைக் குறிக்கும். ஆண்டாளின் இயற்பெயராகக் கூறப்படும் கோதை என்பதற்குப் பூமாலை என்று பொருள். அலமேலு என்னும் பெயர் அலர்மேல்மங்கை என்பதன் திரிபு ஆகும். மலரின் மேல் வீற்றிருக்கும் திருமகள் என்பது அதன் பொருள். குமுதா என்பது ஆம்பலையும், மாலதி என்பது மல்லிகை இனத்தைச் சேர்ந்த ஒரு பூவையும் குறிக்கும்.

இசுலாமியரிடையே வழங்கும் யாஸ்மின் (மல்லிகை), குல்நார் (மாதுளம்பூ) ஆகியவை பாரசீக மூலம் கொண்டவை. கிறித்தவரிடையே வழங்கும் சூசன்னா என்னும் எபிரேயப் பெயர் லில்லி மலரைக் குறிப்பது. ஃபுளோரா என்பது உரோமர்களின் மலர்த் தெய்வத்தின் பெயராகும்.

தனித்தமிழ்ப் பெயர்கள்

1916 ஆம் ஆண்டில் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதன் பின்னர் வளர்ந்த திராவிட இயக்கமும் வடமொழிப் பெயர்களுக்கு மாற்றாகத் தமிழ்ப் பெயர்களை முன்வைத்தன. புஷ்பலதா என்பதன் பொருளையே பூங்கொடி தருகின்றது; பத்மா என்பதன் பொருளைத் தாமரை தருகின்றது. கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் புதினத்தின் பாத்திரமான பூங்குழலியும் இவ்வகைப் பெயர் ஒன்றைப் பலருக்கு அறிமுகமாக்கியது.

இருப்பினும், கபிலரின் குறிஞ்சிப்பாட்டு வரிசையாகக் கூறும் 99 பூக்களுள் ஆட்பெயராக வழங்குபவை மிகச் சிலவே. பூக்களை நேரில் அறியாத தலைமுறைக்கு அவற்றின் பெயர்களும் அயலாகிவிடுகின்றன. ஒரு குழந்தையின் பெயராக வழங்கும் பூவின் பெயரோ நாள்தோறும் உச்சரிக்கப்படுகின்றது. அவ்வகையில் பெயரிடுதல் ஒரு சொல்லை வழக்கில் காக்கும் வழியும் ஆகும்.

பெயரிடும்போது கருதத்தக்கவை

பொருள்: தமிழில் பூவின் பருவங்களுக்கு அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. இவற்றுள் வீ என்பது உதிரும் பூவையும், செம்மல் என்பது வாடிய பூவையும் குறிக்கும். அலர் என்பது மலர்ந்த பூவைக் குறிப்பதோடு, அகப்பாடல்களில் ஊரார் பேசும் பழிச்சொல்லையும் குறிக்கும்.

தாவரத்தின் இயல்பு: தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் கண்ணைக் கவர்வது; ஆனால் அதன் கிழங்கு உட்பட எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை உடையவை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருமளவில் பூப்பது. மூணாறுப் பகுதியில் 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பூத்தது. குறிஞ்சி என்னும் பெயர் அருமையை உணர்த்துவதற்கு இதுவே காரணம்.

எழுத்துக்கூட்டல்: பூங்குழலி போன்ற பெயர்களில் உள்ள ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'இசட்', 'எச்' ஆகிய இரண்டு எழுத்துக்களும், இலங்கையில் பெரும்பாலும் 'எல்' என்ற ஓர் எழுத்தும் பயன்படுத்தப்படுகின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்டால், கணினித் தரவுத்தளங்கள் அவற்றை இருவேறு பெயர்களாகவே கொள்ளும்.

பதிவு

இந்தியாவில் 1969 ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். அப்போதே பெயரைத் தெரிவிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன் பின்னர் தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், அரசுப் பணி போன்றவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே ஆகும். எனவே பெயரின் பொருளையும் தமிழ், ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அதில் பதியும் முன்னரே உறுதி செய்துகொள்வது நன்று.