மேடையும் மேசையும்

தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறி சைதாப்பேட்டைப் பக்கம் போனால் அடுத்த நிறுத்தம் நந்தனம். ஜனவரி மாதத்தில் அங்கே இறங்கும் கூட்டத்தைப் பார்த்தாலே எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் வரிசை வரிசையாக அரங்குகள், கால் வலிக்க நடந்த பிறகு மிளகாய் பஜ்ஜி, ஒரு ஆள் முகத்தை மறைக்கும் அளவுக்கு டெல்லி அப்பளம். பொழுது சாய்ந்ததும் மேடையில் மைக் உயிர்பெறும். பேச்சாளர் பெயர் போனவர் என்றால் நாற்காலி போதாது. பைகளைக் காலடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்பார்கள்.

2023 ஜனவரி 16 முதல் 18 வரை இதே வளாகத்தில் இன்னொரு சந்தையும் கூடியது. சென்னை பன்னாட்டுப் புத்தகத் திருவிழா என்று பெயர். பொது நூலகத் துறையும் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகமும் சேர்ந்து நடத்தின. அங்கும் மேடை உண்டு, மைக் உண்டு. ஆனால் பை நிறைய வாங்கிக்கொண்டு போகலாம் என்று உள்ளே நுழைந்தவர் ஏமாந்திருப்பார். அங்கே கைமாறியது பதிப்புரிமை: ஒரு நூலை இன்னொரு மொழியில் வெளியிடும் உரிமை.

இரண்டு சந்தைகளிலும் எழுத்தாளர்கள் பேசினார்கள். ஆனால் அந்த இரண்டு பேச்சும் ஒன்றல்ல.

பழைய சந்தையின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1977இல் அண்ணா சாலை மதரஸா-ஏ-ஆஸம் பள்ளியில் 22 கடைகளோடு தொடங்கியது சென்னைப் புத்தகக் காட்சி. நடத்தியது தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம், சுருக்கமாகப் பபாசி. காயிதே மில்லத் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரிக்கு எதிரேயுள்ள செயின்ட் ஜார்ஜ் பள்ளி, 2015 வெள்ளத்தால் தள்ளிப்போன ஓர் ஆண்டில் தீவுத்திடல் என்று இடம் மாறி மாறி நந்தனத்துக்கு வந்து சேர்ந்தது. மேடைப் பேச்சும் கூடவே வந்தது. தமிழ்நாட்டில் கூட்டம் சேர்க்கப் பேச்சைவிட நல்ல வழி கிடையாது என்பது பபாசிக்குத் தெரியும். கட்சி மேடையும் பட்டிமன்றமும் பழக்கிய செவிகள் இவை. தனி ஒருவர் முக்கால் மணி நேரம் நின்று பேசினால் ரசித்துக் கேட்கும். நான்கு பேர் உட்கார்ந்து உரையாடினால் அரை மணியில் கைப்பேசியை எடுத்துவிடும்.

உரிமைச் சந்தைக்கு வருவோம். உலகில் இதற்குப் பெரியண்ணன் ஃபிராங்க்ஃபர்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1949இல் பவுல் தேவாலயத்தில் புதுப்பிறவி எடுத்த அந்தக் கண்காட்சி, இன்று ஒவ்வோர் அக்டோபரிலும் ஐந்து நாள் நடக்கிறது. இந்தியா இரண்டு முறை, 1986இலும் 2006இலும், அங்கே சிறப்பு விருந்தினர் நாடாக இருந்திருக்கிறது. வேலை நடப்பது மேசைகளில். முகவரும் பதிப்பாசிரியரும் அரை மணிக்கு ஒருவராக, காலை முதல் மாலை வரை, நிமிடம் பிசகாமல் சந்திப்பார்கள். கையில் நூற்பட்டியல். ஒரு நூலுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் கதை என்ன, எழுதியவர் யார், சொந்த மொழியில் எவ்வளவு விற்றது, விருது உண்டா, வேறு எந்த மொழிக்குப் போயிருக்கிறது என்று சொல்லி முடிக்க வேண்டும்.

அந்த மேசையில் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. கீதா உல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் ஆரம்ப நாட்களில் கையச்சில் உருவாக்கிய ஒரு சிறுவர் நூலின் மாதிரியை ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கொண்டுபோனது. பசித்த சிங்கம் ஒன்றின் கதை. கனடாப் பதிப்பகம் ஒன்று பார்த்தது, பிடித்துப்போய் 8,000 படி கேட்டது. ஒவ்வொரு பக்கமும் கையால் திரையச்சு செய்ய வேண்டிய நூல் அது. வந்த வாய்ப்பை விட மனமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு சந்திப்புதான் பின்னாளில் உலகம் அறிந்த கையச்சு நூல்களுக்கு வழி திறந்தது. 2013இல் இத்தாலியின் பொலோன்யா சிறுவர் நூல் கண்காட்சி, ஆசியாவின் சிறந்த சிறுவர் பதிப்பகம் என்று தாராவைத் தேர்ந்தெடுத்தது.

சென்னையின் பன்னாட்டுத் திருவிழா இந்த முறையைத்தான் தமிழுக்குக் கொண்டுவர முயல்கிறது. முதல் ஆண்டில் 365 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 2024இல் 752, 2025இல் ஆயிரத்துக்கும் மேல் என்று அறிவிக்கப்பட்டது. கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது நிச்சயதாம்பூலம்; தாலி அப்புறம்தான். முன்பணம் எவ்வளவு, உரிமத்தொகை எத்தனை சதவீதம், எந்த நாடுகளில் விற்கலாம், எத்தனை ஆண்டுக்கு, யார் மொழிபெயர்ப்பது என்பதெல்லாம் எழுதிக் கையெழுத்தான பிறகே உரிமை கைமாறியதாகக் கணக்கு. அதற்கும் பிறகு மொழிபெயர்ப்புக்கே ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடும். ஆகவே, எத்தனை ஒப்பந்தம் என்ற கேள்வியைவிட, அவற்றில் எத்தனை புத்தகமாகி வந்தன என்று கேட்பதுதான் சரியான கேள்வி. அரசு மொழிபெயர்ப்புக்கு மானியம் தருவதும், தமிழுக்கென இலக்கிய முகவர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியிருப்பதும் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வர வேண்டும் என்பதற்காகத்தான்.

சரி, மேசையில் வியாபாரம் நடக்கும் இடத்தில் மேடை எதற்கு?

வெளிநாட்டுப் பதிப்பாசிரியருக்குத் தமிழ் தெரியாது. நூலைப் புரட்டிப் பார்க்கலாம், படிக்க முடியாது. அவருக்கு அந்த எழுத்தாளரை அறிமுகம் செய்வது மேடைப் பேச்சுதான். கருத்தரங்கில் எழுத்தாளர் சொல்லும் பதில்களைக் கேட்டு, இவர் கதைக்குள் என்ன உலகம் இருக்கிறது, நம் ஊர் வாசகருக்கு அது எட்டுமா, நூல் வெளியானால் இவரை அழைத்து நான்கு ஊர்களில் பேச வைக்கலாமா என்று அவர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். ஃபிராங்க்ஃபர்ட்டில் புகழ்பெற்ற ‘நீல சோபா’ இதற்கு நல்ல உதாரணம். ஜெர்மன் தொலைக்காட்சி நடத்தும் அந்த நேர்காணல் மேடையில் பெரிய அலங்காரம் எதுவும் கிடையாது. ஒரு சோபா, ஒரு எழுத்தாளர், அவருடைய நூலைப் படித்துவிட்டு வந்த ஒரு கேள்வியாளர். அவ்வளவுதான்.

‘படித்துவிட்டு வந்த’ என்பதில்தான் நம் ஊர் மேடைகள் சறுக்குகின்றன. ஐந்து பேர் கொண்ட கருத்தரங்குக்கு நாற்பத்தைந்து நிமிடம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பு, ஒவ்வொருவருடைய விருதுப் பட்டியலையும் வாசிக்கும் அறிமுகம், சால்வை, நினைவுப் பரிசு என்று பத்து நிமிடம் போய்விடும். கடைசியில் கேள்வி நேரம் பத்து. மிச்சம் இருபத்தைந்து நிமிடத்தில் ஆளுக்கு ஐந்து. முதலில் பேசுகிறவர் கையில் எழுதி எடுத்துவந்த உரை இருந்தால் அவரே பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார். நெறியாளர் துண்டுச்சீட்டு நீட்டுவார். அதைப் பார்க்காததுபோல் பார்ப்பதும் ஒரு கலைதான். கடைசியாக இருப்பவர், பெரும்பாலும் வயதில் சின்னவர் அல்லது அந்த மேடையில் இருக்கும் ஒரே பெண், “எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்” என்று முடித்துக்கொள்வார்.

கேள்விகளும் அப்படித்தான். “எழுத்துக்கு எப்படி வந்தீர்கள்?” “இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?” யாரிடம் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய கேள்வி, ஆகவே யாரிடமிருந்தும் புதிதாக எதுவும் வராது. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யைப் படித்த ஒருவர், சாதிதான் நாவலின் மையமாக இருக்க, ஒரு சாதியின் பெயரைக்கூடச் சொல்லாமல் எழுதியது ஏன் என்று கேட்டால் பேச்சு வேறு தளத்துக்குப் போய்விடும். எதிரே உட்கார்ந்திருக்கும் போலந்துக்காரரோ அரபுக்காரரோகூட நிமிர்ந்து உட்காருவார். அந்த நாவலின் ஆங்கில வடிவம், அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்த்தது, 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. சாதி என்ன என்று அறியாத வாசகர்களையும் அது எட்டியது எப்படி என்பதற்கான விடை அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

தமிழுக்கு நேர்காணல் கலை தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. மேடையில்தான் அது தங்கவில்லை, அச்சில் செழித்திருக்கிறது. ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகாசிரியர் கோமல் சுவாமிநாதன் 1991 முதல் 1995 வரை ஆசிரியராக இருந்த ‘சுபமங்களா’வின் நேர்காணல்களுக்காகவே மாதா மாதம் காத்திருந்த வாசகர்கள் உண்டு. எழுத்தாளரின் எரிச்சல், தயக்கம், சண்டை எல்லாம் அப்படியே பக்கத்தில் ஏறின. இளையபாரதி அவற்றைத் தொகுத்த நூலின் பெயரே ‘கலைஞர் முதல் கலாப்ரியா வரை’. முதலமைச்சராக இருந்தவரையும் ஒரு நவீன கவிஞரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்த துணிச்சல் அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது.

அந்தச் சரடு இன்று தேனாம்பேட்டை இளங்கோ சாலையில் தொடர்கிறது. அங்கேயிருந்து இயங்கும் பாரதி புத்தகாலயத்தின் ‘புத்தகம் பேசுது’ மாத இதழ் புத்தகங்களுக்காகவே நடத்தப்படுவது. எழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ஆய்வாளர்கள் என்று பலரோடும் நீண்ட நேர்காணல்களை வெளியிட்டுவருகிறது. அதே தேனாம்பேட்டையில், அண்ணா சாலை குணா வளாகத்தில், சாகித்திய அகாதெமியின் சென்னை அலுவலகம். ‘எழுத்தாளரைச் சந்தியுங்கள்’ என்று அகாதெமி பல மொழிகளிலும் நடத்தும் நிகழ்ச்சியில் ஒரே ஒருவர்தான் நாயகர். தன் வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றிப் பேசுவார், பிறகு வந்திருப்பவர்கள் கேட்பார்கள். கூட்டம் பெரிதாக வராது. வருகிறவர்கள் படித்துவிட்டு வருகிறார்கள்.

கோவையில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறது. ஆ. மாதவனுக்கு 2010இல் முதல் விருது கொடுத்ததிலிருந்து ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் அவர்களுடைய விழாவில், விருதுக்கு இணையாக வாசகர் உரையாடல் அரங்குகளுக்கும் இடம் உண்டு. எழுத்தாளர் உரை நிகழ்த்துவதில்லை. எதிரே இருப்பவர்கள் கேட்கக் கேட்கப் பதில் சொல்வார், அவ்வளவுதான். சால்வைக்கு வேலை குறைவு. நூல்களை முன்கூட்டியே படித்து வரும் வாசகர்களால்தான் இது நடக்கிறது. பன்னாட்டு மேடை அமைப்பாளர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை கோவைக்குப் போய்வரலாம்.

மொழிச் சிக்கல் ஒன்று பாக்கி இருக்கிறது. பன்னாட்டு அரங்கின் பொது மொழி ஆங்கிலம். அதனால் அமைப்பாளர்கள் சுலபமாக ஒரு காரியம் செய்துவிடுகிறார்கள்: ஆங்கிலம் நன்றாகப் பேசும் எழுத்தாளரை மேடையில் ஏற்றுவது. நன்றாக எழுதுகிறவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். பெருமாள்முருகன் வெளிநாட்டு மேடைகளிலும் பெரும்பாலும் தமிழில்தான் பேசுகிறார். பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் இருப்பார். இது சரியான வழி. ஆனால் ஒவ்வொரு பதிலும் இரண்டு முறை சொல்லப்படுவதால் நேரம் பாதியாகிவிடும். நாற்பத்தைந்து நிமிடத்தில் நிஜமான பேச்சு இருபதே நிமிடம் என்று தெரிந்துகொண்டு, ஐந்து பேருக்குப் பதில் இரண்டு பேரை உட்காரவைக்கும் மனசு வேண்டும். அழைப்பிதழில் பெயர் விடுபட்டால் கோபித்துக்கொள்கிற ஊரில் அது லேசான காரியமில்லை.

மேடைப் பேச்சு நன்றாக அமைந்து, கைதட்டலும் ஓய்ந்த பிறகு, வெளிநாட்டுப் பதிப்பாசிரியர் ஒருவர் எழுத்தாளரையோ பதிப்பாளரையோ தேடி வருவார். முகவரி அட்டை கைமாறும். பாராட்டு எல்லாம் முடிந்ததும் அவர் கேட்பது, “ஆங்கிலத்தில் மாதிரி மொழிபெயர்ப்பு இருபது பக்கமாவது இருக்கிறதா?” என்றுதான். காலச்சுவடு கண்ணன்போலப் பல ஆண்டுகளாக ஃபிராங்க்ஃபர்ட் போய்வரும் பதிப்பாளர்களுக்கு இது பழக்கம். அறிமுகக் குறிப்பு, கதைச்சுருக்கம், மாதிரிப் பக்கங்கள், இதுவரை விற்ற உரிமைகளின் பட்டியல் என்று எல்லாம் பையில் தயாராக இருக்கும். மற்றப் பலர் ஊருக்குப் போய் அனுப்பிவைக்கிறோம் என்று சொல்கிறார்கள். பதிப்பாசிரியரும் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த அரை மணி சந்திப்புக்கு நேரமாகிவிட்டதால் தன் மேசைக்குத் திரும்பிப் போகிறார்.