பந்தல் நிறைந்தால் போதுமா?
கொடிக்காய்ப் பெருக்கைப் பயனாக்கும் வழிகள்

ஆடியில் ஊன்றிய சுரை விதை ஆவணியில் பந்தலேறி, புரட்டாசியில் காய்க்கத் தொடங்கி, ஐப்பசியில் வீட்டாரைத் திணற அடிப்பது திருத்தணி வட்டாரத்தில் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சியாகும். முதற்காய் அறுக்கும் அன்று வீட்டில் உண்டாகும் மகிழ்ச்சி, முப்பதாவது காய் அறுக்கும்போது இருப்பதில்லை. அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமென்றால் அங்கும் அதே சுரை, அதே பீர்க்கு. கடைக்குக் கொண்டுபோனாலோ, எல்லாரும் கொண்டுவரும் நாளில் விலை கேட்பாரில்லை. முடிவில் காய் கொடியிலேயே முற்றி, மாட்டுக்கும் எருக்குழிக்கும் போய்ச் சேருகிறது. மாசியில் பந்தல் காய்ந்ததும், அதே வீட்டார் அதே காயைக் காசு கொடுத்து வாங்குகின்றனர்.

இது அற்ப விஷயமன்று. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய நெசவூர்கள் சூழ்ந்த பகுதி இது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீதியில் பாவு நீட்டவும், கஞ்சி போட்டு உலர்த்தவும் வழியில்லாமற் போகும். தறி நின்றால் கூலியும் குறையும். கூலி குறையும் அதே மாதங்களிற்றான் பந்தல் நிறையக் காய்க்கிறது. ஆகையால் கொடியில் முற்றி வீணாகும் ஒவ்வொரு காயும், கையில் காசு இல்லாத நாளில் நாம் இழக்கும் காசேயாகும். இந்தப் பெருக்கம் எதனால் உண்டாகிறது, அதை எவ்வாறு அடக்கிப் பயன்கொள்வது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

வீட்டுக்கு எத்தனை கொடி வேண்டும்?

பெருக்கத்தின் முதற்காரணம் கணக்கில்லாமல் விதைப்பதே. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும் உண்ண வேண்டுமென்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி கூறுகிறது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இது நாளொன்றுக்கு 2 கிலோ, மாதத்துக்கு 60 கிலோ ஆகும். பெரிய அளவுதான். ஆனால் இவ்வளவும் சுரைக்காயாக இருக்க முடியாது. ஒரு காயை வாரத்தில் இருமுறைக்கு மேல் சமைத்தால் வீட்டில் முகம் சுளிப்பர் என்பது நமக்குத் தெரிந்ததே.

நன்கு பராமரித்த ஒரு சுரைக்கொடி பத்துப் பதினைந்து காய்கள் தருவது சாதாரணம். நான்கு கொடிகள் விட்டால் இரண்டு மாதத்தில் ஐம்பது காய்கள் வரும். வாரத்துக்கு இரண்டு வீதம் இரண்டு மாதத்தில் வீட்டில் செலவாகக் கூடியவை பதினாறே. மீதி முப்பத்துநான்கு காய்களுக்கு என்ன வழி என்பதை விதை ஊன்றும் நாளிலேயே சிந்தித்திருக்க வேண்டும். வீட்டுக்கு மட்டும் என்றால் சுரை ஒன்று அல்லது இரண்டு கொடிகளே போதும். பீர்க்கு, புடல், பாகல் ஆகியவற்றில் வகைக்கு இரண்டு போதும்.

ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழியில் சுமார் 10 கிலோ மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, நான்கைந்து விதை ஊன்றி, பதினைந்து நாள் கழித்து நல்ல செடி இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைவது முறை. முளைத்ததைப் பிடுங்க மனம் வராமல் எல்லாவற்றையும் விட்டுவிடுவோர் பலர். நெருக்கத்தில் இலைகள் ஒன்றையொன்று மூடிக் காற்றோட்டம் தடைப்பட்டு, சாம்பல் நோயும் பூச்சியும் பெருகுமேயன்றி நல்ல காய் பெருகாது.

எல்லா வகையையும் ஒரே நாளில் விதைப்பது அடுத்த தவறு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மழையை நம்பிய காலத்தின் நல்ல மொழி. ஆனால் வீட்டுத் தோட்டத்துக்குக் கிணற்று நீரும் சமையலறைக் கழிவுநீரும் உண்டு. ஆடியில் ஒரு குழி, ஆவணியில் ஒரு குழி, தையில் ஒரு குழி என்று இடைவெளி விட்டால் அதே கொடிகள் பல மாதங்களுக்குக் கறி தரும்.

கொடியை அடக்குதல்

கொடிக்காய்ச் செடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்கள். பெண்பூவின் அடியில் பிஞ்சு போன்ற சிறு புடைப்பு இருக்கும். பரங்கியும் பாகலும் காலையில் மலர்வன. சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்வன. காய்ப்பது வண்டும் தேனீயும் மகரந்தம் சுமப்பதாலேயே. எனவே பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து தெளிப்பதை விலக்க வேண்டும். ஆண்பூக்கள் யாவும் தேவையில்லை. பரங்கியின் ஆண்பூக்களிற் சிலவற்றைக் கொடியில் விட்டு, மற்றவற்றைப் பறித்து மாவில் தோய்த்துப் பொரிக்கலாம்; வங்காளத்தில் இது விருப்பமான பண்டம். இளங்கொழுந்தையும் கீரையாக ஆக்கலாம்.

சுரையில் பெண்பூக்கள் பக்கக் கிளைகளிலேயே அதிகம் தோன்றும். ஆகையால் கொடி பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் பிரியும். வேண்டிய கிளைகள் வந்தபின், ஒவ்வொரு கிளையிலும் இரண்டொரு காய் பிடித்ததும் அதன் நுனியையும் கிள்ளலாம். இவ்வாறு செய்தால் கொடி அண்டை வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் ஓடாது. நல்ல இலைகளை மட்டும் வெட்டலாகாது. காய்க்கு உணவு சமைப்பவை அவையே. தழைச்சத்து மிகுந்த உரத்தை அளவுக்கு மீறி இட்டால் கொடி ஓடுமேயன்றிக் காய்க்காது.

காயை இளசிலேயே பறிக்க வேண்டும். பீர்க்கும் சுரையும் நகம் பதியும் பருவத்தில் பறிக்கத் தக்கவை. ஒரு காயை முற்ற விட்டால் கொடியின் வலிமை யாவும் அதன் விதைக்குச் செல்ல, புதுப்பிஞ்சுகள் குறையும். காய்ப்பு நீள வேண்டின் இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். காய்ப்பு போதுமென்று தோன்றினால் நல்ல கொடியில் ஒரு காயை விதைக்கு விட்டால் மற்றவை தாமே தணியும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையின் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்க்கொடியைப் போல் அமையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பழ ஈ குத்தி அழுகிய காய்களைக் கொடியடியில் விடுவதும் எருக்குழியில் வீசுவதும் ஆபத்து. புழு மண்ணிற் புகுந்து ஈயாகி மீண்டும் வரும். அவற்றைச் சேர்த்து ஆழமாகப் புதைக்க வேண்டும். கந்தகத் தூளும் தாமிர மருந்தும் இவ்வகைக் கொடிகளின் இலையைக் கருக்குமாதலால் அவற்றைத் தூவக் கூடாது.

கோவை பற்றித் தனியே ஒரு சொல். இது தண்டை நட்டாலே வேர்விட்டுப் பல ஆண்டு வாழ்வது. ஹவாய்த் தீவுகளில் இது காட்டு மரங்களையே மூடும் களையாகிவிட்டது. ஆகையால் கோவையை வேலியில் தன்போக்கில் விடாமல், பந்தலில் ஏற்றி, ஆண்டுக்கொருமுறை அடியோடு கத்தரித்துவர வேண்டும்.

நெசவாளர் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. பந்தல் நிழல் தறிவீட்டைக் குளிர்ச்சியாக வைப்பது உண்மையே. ஆனால் கொடிக்குழி தறிக்குழியை ஒட்டி இருந்தால் நீர் கசியும். ஓலைக் கூரைமேல் படர்ந்த கொடி ஈரத்தைத் தேக்கிக் கூரையை மக்கச் செய்யும். குழியைச் சுவருக்குச் சற்றுத் தள்ளி, ஆளுயரப் பந்தலிட்டு ஏற்றுவதே நலம்.

மிகுந்ததை வைத்துக்கொள்ளுதல்

எது வைத்தால் இருக்கும், எது இராது என்பதை அறிந்து விதைத்தால் பாதிக் கவலை தீரும். பீர்க்கும் புடலும் இரண்டு மூன்று நாளில் வாடும். முற்றிய பரங்கியும் கல்யாணப் பூசணியும் பல மாதம் கெடாமல் இருக்கும். காம்பை நீளமாக விட்டு அறுத்து, பூசணியின் மேலுள்ள சாம்பற்பொடியைத் துடைக்காமல், ஒன்றையொன்று தொடாதபடி வைக்கோல் மேல் பரப்பிக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். காம்பு ஒடிந்ததையும் அடிபட்டதையும் முதலில் சமைத்துவிட வேண்டும்.

வற்றல் போடுவதற்குக் காலம் அறிதல் அவசியம். ஐப்பசி மழையில் அரிந்து காயவைத்த பாகல் பூஞ்சணம் பிடிக்கும். மோரும் உப்பும் கலந்து ஊறவைத்துப் பங்குனி, சித்திரை வெயிலில் உலர்த்திய பாகல் வற்றல் ஆண்டு முழுவதும் உதவும். ஆதலால் வற்றலுக்கு என்று பாகல் விதைப்போர் தைப்பட்டத்தில் விதைப்பதே உசிதம். மழைக்காலக் காயைப் பச்சையாகவோ ஊறுகாயாகவோ செலவிட வேண்டும்.

1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை இராச்சியத்தோடு சேர்ந்த பகுதி திருத்தணி. இங்கே பீர்க்கைப் பீரகாய என்றும், பாகலைக் காகரகாய என்றும் வழங்கும் வீடுகள் பல. இவ்விரு சமையலும் சேர்ந்தது நமக்கு ஒரு செல்வம். பீர்க்கந்தோல் துவையலால் தோலும் வீணாகாது. தோசகாயைக் கடுகுப்பொடியிட்டு ஊறுகாயாக்கும் முறையும் கற்றுக்கொள்ளத் தக்கது. முற்றிய பீர்க்கின் நார் பாத்திரம் தேய்க்க ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். சுரைக்காய் சில வேளை கடுங்கசப்பாக இருக்கும். அது வெறும் சுவைக் குறையன்று, நஞ்சு. கசந்த சுரைச்சாற்றைக் குடித்தோர் வாந்தியும் இரத்தப் போக்கும் கண்டு மருத்துவமனை சேர்ந்ததையும், சிலர் இறந்ததையும் ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழுவின் அறிக்கை 2012இல் வெளியாயிற்று. அரிந்தவுடன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும். சமைத்தாலும் அந்நஞ்சு போகாது. பிறருக்குக் கொடுக்கும் காய்க்கும் இதே எச்சரிக்கையைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

கூடிச் செய்தல்

மேற்சொன்னவை தனி வீட்டார் செய்யத் தக்கவை. ஆயினும் பெருக்கத்தின் வேர் தனி வீட்டில் இல்லை. தெருவே ஒரே நாளில் ஒரே விதையை ஊன்றுவதே அதன் வேர். அமெரிக்காவில் இத்தொல்லை ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. அண்டை வீட்டார் அறியாமல் அவர்கள் வாசலில் சுக்கினி என்னும் சுரையினக் காயை வைத்துவிட்டு வருவதற்கென்றே ஆகஸ்டு 8ஆம் நாளை அங்கே குறித்திருக்கின்றனர். நமக்கு அந்த உபாயம் வேண்டா. அதைவிட நல்ல வழி கூட்டுறவில் உண்டு.

நான்கு வீட்டார் ஆடிக்கு முன்பே கூடி, ஒரு வீட்டில் சுரை, ஒரு வீட்டில் பீர்க்கு, ஒரு வீட்டில் பாகல், ஒரு வீட்டில் புடல் என்று முறை வைத்துக்கொண்டு, காயை மாற்றிக்கொள்ளலாம். ஒரு வகைக்கு ஒரு பந்தலே போதுமாகையால் கழியும் கயிறும் மிச்சம். நாள்தோறும் நால்வகைக் கறியும் கிடைக்கும். அவரையின் நாட்டு வகை பகற்பொழுது குறுகிய பின்னரே பூப்பது. ஆடியில் விதைத்தாலும் கார்த்திகைக்குப் பின்னரே காய்க்கும். எனவே பந்தலில் சுரை ஓயும் காலத்துக்கு ஒரு வீட்டார் அவரையை ஏற்றுக்கொண்டால் தைவரை கறிக்குக் குறைவிராது.

விற்பனைக்கென்று விதைப்போர் தேவை எழும் நாளை எண்ணி விதைக்க வேண்டும். ஆயுத பூஜைக்குத் தறிக்கும் கடைக்கும் வண்டிக்கும் பூசணி சுற்றி உடைப்பது வழக்கம். நன்கு முற்றச் சுமார் நான்கு மாதம் பிடிப்பதால், அதற்கு வைகாசியிலேயே பூசணி ஊன்ற வேண்டும். ஆடியில் ஊன்றிய பூசணி பூஜை கழிந்த பிறகே முற்றும். பொங்கல் கூட்டுக்குப் பரங்கி வேண்டுமென்றால் ஆவணியில் ஊன்ற வேண்டும். இரண்டொரு காயைக் கூடையில் சுமந்து தனியே போனால் கடைக்காரர் சொன்னதே விலை. பத்து வீட்டுக் காயைத் தரம் பிரித்து, எடையிட்டு, ஒரே இடத்திலிருந்து அனுப்பினால் விலை பேசும் நிலை நமக்கு உண்டாகும். நூலைக் கூடி வாங்கி, துணியைக் கூடி விற்கும் நமக்கு இது புதிய பாடமன்று.

அதற்கும் மிஞ்சியது தருமத்துக்கு ஆகட்டும். திருத்தணி முருகன் கோயிலில் நாள் முழுதும் அன்னதானம் வழங்கும் திட்டம் 2021இல் தொடங்கியது. ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31இல் நடைபெறும் படித்திருவிழாவுக்கும் மலையேறி வருவோர் எண்ணற்றவர். முற்றாத நல்ல காயை முன்கூட்டித் தெரிவித்து ஒப்புவித்தால் அது பசித்தவர் இலைக்குச் செல்லும்.

ஆகவே அங்கத்தினர்கள் இவ்வாண்டு ஆடி பிறக்குமுன் மூன்று காரியங்களைச் செய்வார்களாக. வீட்டில் வாரத்துக்கு எத்தனை காய் செலவாகும் என்று வீட்டுப் பெண்டிரைக் கேட்டுக் கணக்கிடுக. அண்டை வீட்டாருடன் பேசி வகைகளையும் விதைக்கும் நாட்களையும் பிரித்துக்கொள்க. மிகுவது எங்கே செல்லும் என்பதை முன்னரே நிச்சயிக்க. இம்மூன்றும் முடிந்த பின் விதையைக் கையில் எடுத்தால், தறி நிற்கும் மழைநாளிலும் அடுப்பில் கறி குறையாது. மாசியில் காய்க்கென்று கடைக்குக் காசும் போகாது.