சந்தை ஊரில் ஒரு மாதா கோயில்

செகந்திராபாத்துக்கு ஆறு கிடையாது. மூசி தெற்கே ஹைதராபாத் பக்கமாகவே ஓடிவிடுகிறது. நமக்கு வாய்த்தது உசேன் சாகர் ஏரிதான். 1798 உடன்படிக்கைக்குப் பின் அந்த ஏரிக்கு வடக்கே கும்பெனிப் படை வந்து தங்கியது. 1806-ல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் ஊருக்கு வந்தது. படை இருக்குமிடத்தில் கடைத்தெரு வராமல் போகுமா? ஜெனரல் பஜார், மோண்டா மார்க்கெட் என்று ஊரே சந்தையாக வளர்ந்தது.

வந்த படை சென்னை ராணுவத்தைச் சேர்ந்தது. ஆகவே சிப்பாய்களோடு சமையற்காரர், சலவைக்காரர், காண்டிராக்டர் என்று தமிழ்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. வேலை மாற்றலில் நேற்று வந்தவர்கள் என்று நம்மை நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது!

வெள்ளைக்காரச் சிப்பாய்களின் செயின்ட் ஜான்ஸ் ஆங்கிலிகன் ஆலயம் 1813-லேயே எழுந்துவிட்டது. கத்தோலிக்கருக்கு வழி செய்தவர் டேனியல் மர்ஃபி என்ற ஐரிஷ் குரு. அயர்லாந்தின் கார்க் பகுதியில் 1815-ல் பிறந்தவர், இளவயதிலேயே இங்கு வந்தார். இவர் முயற்சியில் செயின்ட் மேரீஸ் ஆலயம் 1850-ல் நிறைவு பெற்றது. கூரிய வளைவுகளோடு கோதிக் பாணிக் கட்டடம். பிறகு அவர் ஆஸ்திரேலியா சென்று ஹோபார்ட்டின் பேராயராகி 1907-ல் காலமானார். அவர் கட்டிய கோயிலுக்குப் போப்பாண்டவர் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதியை அளித்தது 2008 நவம்பரில். அருகிலேயே 1871-ல் தொடங்கிய செயின்ட் ஆன்ஸ் பெண்கள் பள்ளி.

பட்டம் பெரிதுதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: இங்கே ஆங்கிலம், தெலுங்கோடு தமிழிலும் திருப்பலி நடக்கிறது. கோயிலில் மட்டுமா? 1862-ல் மஹபூப் கல்லூரியாக வளர்ந்த பள்ளியைத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார். 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் சிகாகோ போகுமுன் பேசிய மேடை அது.

இப்போது நம் வீடுகளைப் பாருங்கள். பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், எழுத்துக்கூட்டச் சொன்னால் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் வருகிறது. பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்க ஆள் இல்லாவிட்டால், தமிழ்ப் பூசை எத்தனை காலம் நிற்கும்? பெரியவர்கள் காதில் விழுந்ததைப் பாடியே ஒப்பேற்றிவிடலாம், பேரப்பிள்ளைகள் அப்படிப் பாடுவார்களா என்பது சந்தேகம்.

ஆகஸ்ட் 15 விண்ணேற்பு மாதா திருநாள். எந்த மதத்தவரானாலும் ஒருமுறை குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். சரோஜினி தேவி ரோட்டில் இருக்கிறது. ஸ்டேஷனில் ஆட்டோக்காரரிடம் 'செயின்ட் மேரீஸ்' என்றால் போதும்.