புட்டண்ணா கணகால்

மைசூரு மாவட்டத்தில், பிரியாபட்டணம் வட்டத்தில் உள்ள சிற்றூர் கணகால். அவ்வூரில் 1933ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் எளிய குடும்பத்தில் பிறந்தவர் சீதாராம சர்மா. செல்லப்பெயருடன் ஊர்ப்பெயரும் சேர, 'புட்டண்ணா கணகால்' என்றே அவர் திரையுலகில் நிலைபெற்றார்.

வறுமையால் இளமையில் பல வேலைகளைச் செய்த புட்டண்ணா, பின்னர் இயக்குநர் பி. ஆர். பந்துலுவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்' ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவர் பந்துலு. அவரிடம் தொழில் கற்ற புட்டண்ணா, 1967இல் 'பெள்ளி மோட' என்னும் கன்னடப் படத்தை இயக்கிப் புகழ்பெற்றார். 'வெள்ளி மேகம்' என்பது அதன் பொருள். அரங்கச் சுவர்களைவிட்டு மலையையும் மழையையும் நாடிச் சென்றது அவரது ஒளிப்படக்கருவி. 'டீச்சரம்மா' முதலிய தமிழ்ப் படங்களையும் அவர் இயக்கினார்.

நல்ல நாவல்களைப் படமாக்குவதிலும், பெண்களின் மனத்துயரைக் காட்டுவதிலும் புட்டண்ணா தேர்ந்தவர். மைசூரில் வாழ்ந்த எழுத்தாளர் திரிவேணியின் நாவலைத் தழுவியது 'சரபஞ்சர'. அம்புகளாலான கூண்டு என்பது இத்தலைப்பின் பொருள். மனநோயுற்ற காவேரி என்னும் பெண் மருத்துவத்தால் நலம்பெற்று வீடு திரும்புகிறாள். ஆயினும், கணவனும் சுற்றத்தாரும் அவளை நோயாளியாகவே நோக்குகின்றனர். அவள் சிரித்தாலும் ஐயம், அழுதாலும் ஐயம். அந்தப் பார்வைகளே அம்புகளாகி அவளைச் சிறைப்படுத்துகின்றன. அவள் மீண்டும் நோயுறுகிறாள். மருந்து மட்டும் நோயைத் தீர்க்காது, உடனிருப்போரின் நம்பிக்கையும் வேண்டும் என்பதை இப்படம் உணர்த்திற்று. சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. தம் கதை திரையில் ஒளிர்வதைக் காணத் திரிவேணிக்கு வாய்க்கவில்லை. அவர் 1963இலேயே மறைந்துவிட்டார்.

1972இல் வெளிவந்த 'நாகரஹாவு', மைசூரில் பிறந்த விஷ்ணுவர்த்தனைக் கதைத்தலைவனாக உயர்த்தியது. மாணவன்மீது பேரன்பு கொண்ட ஆசிரியரின் அறிவுரையே அவன் வாழ்வு சிதையக் காரணமாவதை அப்படம் காட்டுகிறது. அன்புடையோரும் தவறக்கூடும் என்பதை மறைக்காமல் சொன்னவர் புட்டண்ணா.

அவரிடம் உதவியாளராக இருந்த பாரதிராஜா, 1977இல் '16 வயதினிலே' படத்தின் வழியாகத் தமிழ்த் திரையைச் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். பந்துலுவின் படப்பிடிப்புத் தளங்களில் கன்னட இளைஞர் கற்ற கலை, இவ்வாறு மீண்டும் தமிழுக்கு வளம் சேர்த்தது.

'மசணத ஹூவு' படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 1985ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் புட்டண்ணா காலமானார். எஞ்சிய பகுதியைக் கே. எஸ். எல். சுவாமி முடித்தார். சிறந்த இயக்குநர்களுக்குக் கர்நாடக அரசு வழங்கும் விருது இன்று புட்டண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.