குறைமாதச் சிசுவும் பாலருந்தும் ஆற்றலும்

பிறந்த சிசு தாயின் மார்பிற் பாலருந்துதல் காண்பார்க்கு மிக எளிய செயலாகத் தோன்றும். ஆயின், உறிஞ்சல், விழுங்கல், மூச்சுவிடல் ஆகிய மூன்று தொழில்களும் ஒழுங்காக இயைந்து நிகழ்ந்தாலன்றி அச்செயல் நிறைவேறாது. தொண்டை உணவுக்கும் காற்றுக்கும் பொதுவழியாகும். பால் அவ்வழியாக இறங்கும் கணத்தில் மூச்சு நின்று, மூச்சுக்குழலின் வாயில் மூடிக்கொள்ளுதல் வேண்டும். இவ்வொழுங்கு பிறழின் பால் சுவாசப்பைக்குட் புகுந்து உயிருக்கே ஊறு விளைக்கும்.

முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறக்கும் சிசு குறைமாதச் சிசு எனப்படும். உலக சுகாதார தாபனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் சிசுக்கள் இவ்வாறு பிறந்தன. கருவிலுள்ள சிசு நான்காம் ஐந்தாம் மாதங்களிலேயே விழுங்கவும் வாயசைத்து உறிஞ்சவும் தொடங்குகின்றது. எனினும் மேற்கூறிய மூன்று தொழில்களும் ஒன்றிணையத் தொடங்குவது பெரும்பாலும் 32 முதல் 34 வாரமளவிலேயாம். அவ்விணைப்பு உறுதிபெற மேலும் சில வாரங்கள் செல்லும். ஆதலின் அதற்குமுன் பிறந்த சிசுவுக்கு மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ இரைப்பைக்குச் செலுத்திய மெல்லிய குழாயினாற் பாலூட்டப்படுகின்றது.

அக்குழாயை எப்பொழுது அகற்றுவது என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா. முந்தினால் மூச்சுத்திணறலும் களைப்பும் நேரும். பிந்தினால் சிசு வாயினாற் பயிலும் காலம் வீணாகும். தாயும் சேயும் வைத்தியசாலையிற் தங்கும் நாட்களும் நீளும். வாரக்கணக்கையோ நிறையையோ மட்டும் கொண்டு இதனைத் துணிதல் இயலாது. சுவீடன் தேசத்து ஆய்வாளர் நிக்விஸ்ட், 28ஆம் வாரமளவிலேயே சில சிசுக்கள் மார்பை நாடித் திரும்பிப் பற்றுவதைக் கண்டறிந்தார். ஒத்த வயதினவாயினும் ஒரு சிசுவின் ஆற்றல் மற்றொன்றின் ஆற்றல் அன்று.

ஆகவே முதலிற் செய்யவேண்டுவது உற்றுநோக்கலேயாகும். சிசு கண்விழித்து அமைதியாக இருக்கின்றதா, மூச்சும் நாடியும் சீராக உள்ளனவா, கன்னத்தைத் தொட்டால் அப்பக்கம் வாய்திறந்து திரும்புகின்றதா, கையை வாயருகே கொண்டுசெல்கின்றதா என்பன காணப்படும். பின்னர், கையுறையணிந்த சுத்தமான சிறுவிரலை வாயில் வைத்து, நாக்கு குழிந்து விரலைத் தழுவுகின்றதா, உறிஞ்சலில் வலிமையும் தாளமும் உளவா என ஆராயப்படும். பாலின்றி உறிஞ்சும்போது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ இருமுறையும், பால் வரும்போது ஏறத்தாழ ஒருமுறையும் உறிஞ்சுதல் இயல்பு. வளர்ச்சி நிரம்பாத சிசு மூன்று முதல் ஐந்து முறை உறிஞ்சியதும் மூச்சுக்காக நின்றுவிடும்; நிரம்பிய சிசு பத்துக்கு மேற்பட்ட முறை தொடர்ந்து உறிஞ்சும்.

பாலூட்டத் தொடங்கிய பின்னரும் கவனம் குன்றலாகாது. உதடு நீலம் பாரித்தல், நாசி விரிதல், புருவம் நெரிதல், விரல்கள் விறைத்து விரிதல், கடைவாயாற் பால் ஒழுகுதல் ஆகியன, சிசு தன்னால் இயலாமையை உணர்த்தும் குறிகளாம். இவற்றுள் ஒன்று தோன்றினும் பாலூட்டலை நிறுத்தி ஓய்வளித்தல் முறை.

இவ்வவதானங்களை ஒழுங்குபடுத்த அளவைகள் பல இயற்றப்பட்டுள. அமெரிக்காவிற் பாமர் அம்மையார் வகுத்த அளவை தாடையின் அசைவையும் நாவின் அசைவையும் தனித்தனியே நோக்குகின்றது. நிக்விஸ்ட் வகுத்தது தாய்மார்பில் நிகழும் பாலருந்தலை நோக்குகின்றது. எனினும் வாய்வழிப் பாலூட்டலுக்கு உரிய காலத்தைத் துணிய இவ்வளவைகள் எவ்வளவு உதவுகின்றன என்பதை நிறுவும் தகுந்த ஒப்பீட்டுச் சோதனை எதுவும் கிட்டவில்லை என்று 2016இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு கூறிற்று. அளவை கண்ணுக்குத் துணையேயன்றிக் கண்ணாகாது.

கண்டியையும் அதன் சூழலையும் நோக்குமிடத்து இப்பொருள் தனிச்சிறப்புப் பெறுகின்றது. 1962இல் இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கென நிறுவப்பட்டது; 1980இற் பேராதனைப் போதனா வைத்தியசாலை திறக்கப்பட்டது. கண்டித் தேசிய வைத்தியசாலையும் பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலையும் மலைநாட்டு மக்கள் நாடும் ஏனைய நிலையங்களாம். தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை முதலிய தோட்டப்பகுதிகளிலிருந்து வரும் தாய்மாருள் பலர் தமிழே பேசுவோர். நிறை குறைந்து பிறக்கும் சிசுக்களின் விகிதம் பெருந்தோட்டங்களிலேயே மிகுதி என்பதை நாடளாவிய கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன.

தாதியும் வைத்தியரும் கடமைநேரம் முடிய மாறுவர், தாயோ மாறாள். அவளே சிசுவின் முகக்குறிப்பை இடையறாது காண்பவள். மேற்கூறிய குறிகளை அவள் மொழியில், அவளுக்கு விளங்கும் சொற்களில் எடுத்துரையாவிடின், வீடு திரும்பிய பின் லயத்து அறையிற் சிசு களைத்துச் சோர்வதை அவள் நல்லுறக்கம் என்று எண்ணி ஏமாறவும் கூடும்.

தமிழர் இல்லங்களிற் சங்கினாற் பாலூட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மார்பிற் பாலருந்த இயலாத சிசுவுக்குப் புட்டியினும் கிண்ணமே ஏற்றதென இன்றைய மருத்துவமும் கூறும். ஆயின் வேறுபாடொன்று உண்டு. பாலை வாயினுள் வார்த்தலாகாது. கிண்ணத்தின் விளிம்பை உதட்டிற் பொருத்தி, சிசு தானே நக்கியும் உறிஞ்சியும் அருந்தவிடுதல் வேண்டும். வார்க்குமிடத்து வேகத்தை ஊட்டுவோர் விதிக்கின்றனர். அருந்தவிடுமிடத்துச் சிசுவே விதிக்கின்றது.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தோன்றிய கங்காரு முறை, சிசுவைத் தாயின் மார்போடு தோலுறத் தழுவிவைத்துப் பேணுவதாகும். பிறந்தவுடனேயே இதனைத் தொடங்குமாறு உலக சுகாதார தாபனம் 2022இற் பரிந்துரைத்தது. குழாயிற் பால் செல்லும் நாட்களிலும் சிசு மார்பின் மணத்தை அறிந்து, வாய்வைத்துப் பழகுவதற்கு இம்முறை இடமளிக்கின்றது.

சுருங்கக் கூறின், பாலருந்தும் ஆற்றலைக் கணித்தல் ஒருநாளில் முடியும் பரீட்சையன்று. ஒவ்வொரு வேளையும் சிசுவை நோக்கி அதன் குறிப்பறிந்து ஒழுகும் தொடர்பணியாகும். அப்பணியில் தாயையும் பங்காளியாக்குதல் வைத்தியசாலையின் கடன்; அதற்கு வேண்டும் அறிவைத் தமிழிற் தெளிவுற வழங்குதல் கற்றோர் கடன்.