இறந்த பிறகும் இடம் மாறும் மருந்து

சோமனூரில் தறியோடு பழகியவர்களுக்கு இது சட்டெனப் பிடிபடும். சாயம் போகிற சேலையையும் வெள்ளை வேட்டியையும் ஒரே வாளியில் ஊறப்போட்டால், காலையில் வேட்டியும் சிவந்திருக்கும். அந்த வேட்டியை மட்டும் வைத்துச் சாயப்பட்டறையைத் தேடினால் வழி தவறும். இறந்தவரின் ரத்தத்தில் மனச்சோர்வு மருந்தை அளப்பதிலும் இதே சிக்கல்தான்.

அமிட்ரிப்டிலின் அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கும் பழைய மனச்சோர்வு மாத்திரை. நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூட எழுதிக் கொடுப்பார்கள். கொழுப்பில் கரையும் இம்மருந்து ரத்தத்தில் கொஞ்சமே தங்கும். பெரும்பகுதி கல்லீரல், நுரையீரல், இதயத் தசைக்குள் போய் ஒதுங்கிவிடும். உயிர் பிரிந்ததும் செல்களில் அமிலம் ஏறி அவற்றின் சவ்வுகள் தளர்கின்றன. ஒதுங்கிய மருந்து அருகிலுள்ள ரத்தத்தில் கசிகிறது. அதனால் இதயத்தில் எடுத்த ரத்தம், தொடைச் சிரையில் எடுத்ததைவிடப் பல மடங்கு மருந்தைக் காட்டலாம். ஒரே உடல், இரண்டு எண்கள்!

இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது. விஷம் இருக்கிறதா என்று பார்த்த காலம் அது. இப்போது எவ்வளவு, எங்கே எடுத்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. கல்லீரல் அமிட்ரிப்டிலினை நார்ட்ரிப்டிலினாக மாற்றும். நாள்பட மருந்து சாப்பிட்டவரிடம் இரண்டும் ஏறக்குறைய ஒத்த அளவில் இருக்கும். ஒரே மூச்சில் விழுங்கியவரிடம் முதலாவது வெகுவாக மிஞ்சி நிற்கும். இந்த விகிதம் பல நேரம் தனி எண்ணைவிட நல்ல சாட்சி.

அதுவும் போதாத ஒரு வழக்கு 2000-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. ஒன்பது வயதுச் சிறுவன். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளில் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும் ஒன்று. இறந்தபின் அதன் அளவு மிக அதிகம் என்று தெரிந்தது. வளர்த்த பெற்றோர் மீதே சந்தேகம் விழுந்தது. மரபணுவைச் சோதித்தபோதுதான் உண்மை வெளிவந்தது: அம்மருந்தைச் சிதைக்கும் சிவைபி2டி6 என்ற நொதி அவனுக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யவில்லை. தினமும் கொடுத்த மருந்து வெளியேறாமல் உடலிலேயே சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. விசாரணை கைவிடப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் கொலைப் பழியும் சேர்ந்து நின்றிருந்தால் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

பிரேதப் பரிசோதனைக்குப் பின், உப்புக் கரைசல் ஊற்றி அரக்கு முத்திரை வைத்த ஜாடியில் உள்ளுறுப்பு ஆய்வகத்துக்குப் போகிறது. ரத்தம் தனிக் குப்பியில். அந்தக் குப்பியின் சீட்டில் வெறுமனே ‘ரத்தம்’ என்று எழுதாமல் ‘தொடைச் சிரை ரத்தம்’ என்றும், எடுத்த நேரத்தையும் மருத்துவர்கள் எழுத வேண்டும். வீட்டார் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. இறந்தவரின் மருந்துச் சீட்டுகளையும் மிச்ச மாத்திரை அட்டைகளையும் தூக்கி எறியாமல் விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.