பச்சை பிடித்த பாறைகள்

சிலியின் வடபகுதியில், அட்டகாமா பாலைவனம் கடலில் முடியும் இடத்தில் சஞ்ஞரால் என்றொரு சிற்றூர். இன்று ஊருக்கு முன்னால் அகன்ற மணற்பரப்பு கிடக்கிறது. 1938க்கு முன் அங்கே அலை அடித்தது. மலைமேல் போத்ரெரீயோஸ் சுரங்கத்தில் பாறையை அரைத்துச் செம்பைப் பிரித்தபின் மிஞ்சிய சேற்றுக் குழம்பைச் சலாதோ ஆற்றில் திறந்துவிட்டார்கள். பின்னால் வந்த எல் சால்வதோர் சுரங்கமும் அதே வழியில் போனது. 1975 வரை இது நிற்கவில்லை. கடல் சுமார் ஒரு கிலோமீட்டர் பின்வாங்கியது, துறைமுகம் தூர்ந்தது.

அன்றைய பாறைக்கரை எப்படி இருந்திருக்கும் என்பதை, மாசுபடாத அக்கம்பக்கத்துக் கரைகள் காட்டுகின்றன. அலை மோதும் விளிம்பில் ஆள் உயரத்துக்கு லெஸ்ஸோனியா என்ற பழுப்புக் கடற்பாசி. பாறையைக் கவ்வியிருக்கும் அதன் அடிப்பகுதிக்குள் புழுவும் குட்டி நண்டும் சிப்பிக்குஞ்சும் குடியிருக்கும். பாசியை மேயக் கூம்பு ஓட்டு நத்தைகள். மட்டிகளைத் தின்ன, சிலி மீனவர்கள் மூழ்கி எடுத்து விற்கும் லோக்கோ என்ற பெருநத்தை. ஒன்றை ஒன்று தின்றும், ஒன்றுக்கு ஒன்று இடம் கொடுத்தும் நடந்த குடித்தனம்.

கழிவோடு வந்த செம்பு இந்த உயிர்களுக்கு அந்நியமானதல்ல. பல நத்தைகளுக்கும் நண்டுகளுக்கும் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். அளவு மீறும்போது முதலில் அடிபடுபவை இளசுகள். வளர்ந்த லெஸ்ஸோனியா தாங்கும் செம்பை அதன் நுண்ணிய வித்துகள் தாங்குவதில்லை. பழையதை அலை பிடுங்கிப் போனால் அந்த இடத்தில் புதியது முளைக்காது. மேய்ந்து மட்டுப்படுத்த நத்தையும் இல்லாமற்போக, செம்புக்குச் சளைக்காத உல்வா என்ற பச்சைப் பாசி பாறைகளைப் போர்த்தியது. விவரம் அறியாதவர் கண்ணுக்கு அது செழிப்பு! உலோக மாசின் பெரிய ஏமாற்று இதுதான் என்பேன்: மீன் செத்து மிதந்தால் ஊர் கூடும்; பாறை பச்சையானால் யார் கேட்பார்?

1976-இல் கழிவை வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, கலெத்தா பலீத்தோ என்ற இடத்துக்குத் திருப்பினார்கள். தீர்வாம்! நல்ல கரை ஒன்று கண்ணெதிரே கெடுவதைக் கடலுயிரியலாளர் ஹுவான் கார்லோஸ் கஸ்தீயா போன்றோர் பதிவுசெய்ததுதான் அதில் கிடைத்த ஒரே பயன். ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். 1988-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1990 முதல் கழிவு பாலைவனத் தேக்கம் ஒன்றில் படிகிறது. அதன்பின் தெளிந்த நீரைத்தான் கடலுக்கு விட்டார்கள். அதற்கு முன் கடலில் கொட்டியது 20 கோடி டன்னுக்கும் மேல்.

2003-இல் குடியரசுத் தலைவர் ரிக்கார்தோ லாகோஸ் சஞ்ஞரால் கடலில் இறங்கிக் குளித்து, சுத்தமாகிவிட்டது என்று காட்டினார். நீரில் கலந்த செம்பை மனிதத் தோல் கண்டுபிடிக்காது. பாசி வித்து கண்டுபிடித்துவிடும். பலீத்தோ பக்கம் சில உயிர்கள் மெல்லத் திரும்பின. சஞ்ஞரால் பாறைகளிலோ, கழிவு நின்று பத்தாண்டு கடந்தும் ஆய்வாளர்கள் கண்டது பெரும்பாலும் அதே பச்சையை. கரையில் குவிந்த மணலே கழிவு என்பதால் ஓதம் ஏறி இறங்கும்போது அதிலிருந்து செம்பு கசிகிறது. காற்றடித்தால் தூள் ஊருக்குள் பறக்கிறது. அள்ளிக் கொட்டலாம் என்றால், அதற்கு இன்னொரு பலீத்தோ வேண்டும்.